கட்டைப் பிரித்துப் படியுங்கள்: சட்ட மாணவர்களுக்கு இன்டர்ன்ஷிப் வழிகாட்டி

"அந்தக் கட்டை எடுப்பா" என்றார் சீனியர். வக்கீல் ஆபீஸில் எனக்கு அது முதல் நாள், மாலை ஆறு மணி இருக்கும். எந்தக் கட்டை, எங்கே இருக்கும் என்று விழித்தேன். குமாஸ்தா அண்ணன் சிரித்துக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு காகிதக் கத்தையை உருவி என் கையில் வைத்தார். நாடா கட்டியிருந்தது, ஓரமெல்லாம் மடங்கியிருந்தது, மேலே 'ஓ.எஸ்.' என்று போட்டு ஓர் எண். இரண்டு வருஷம் சட்டம் படித்து முடித்திருந்தேன். ஒரு வழக்கு பார்ப்பதற்கு எப்படி இருக்கும் என்று அன்றுதான் தெரிந்தது.

தமிழ்நாட்டில் சட்டம் படித்துக்கொண்டு, இன்டர்ன்ஷிப்புக்கு எங்கே போவது, யாரைக் கேட்பது, போய் என்ன செய்வது என்று தெரியாமல் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். வீட்டில் வக்கீல் யாரும் இல்லாத முதல் தலைமுறை மாணவர்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். என் சாய்வையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான்கு வாரத்தில் நாற்பது தீர்ப்பைப் புரட்டுவதைவிட ஒரே ஒரு வழக்குக் கட்டை முதல் தாளிலிருந்து கடைசித் தாள் வரை படிப்பது மேல் என்று நினைக்கிறவன் நான். கீழே வரும் யோசனைகள் எல்லாம் அந்த இடத்திலிருந்து வருபவை.

முதலில் வாரக் கணக்கு

இந்திய பார் கவுன்சிலின் 2008-ஆம் ஆண்டு சட்டக் கல்வி விதிகளின்படி, ஐந்தாண்டுப் படிப்புக்கு மொத்தம் 20 வாரம், மூன்றாண்டுப் படிப்புக்கு 12 வாரம் இன்டர்ன்ஷிப் செய்திருக்க வேண்டும். எந்த ஆண்டிலும் தொடர்ச்சியாக 4 வாரத்துக்கு மேல் கூடாது. வகுத்துப் பாருங்கள், ஆண்டுக்கு 4 வாரம் சரியாக வரும். ஒரு வருஷம் சும்மா இருந்துவிட்டால் அடுத்த வருஷம் துண்டு விழும். கடைசி ஆண்டில் தேதி போட்டுச் சான்றிதழ் வாங்க அலைகிறவர்கள் எல்லாம் இப்படிக் கோட்டைவிட்டவர்கள்தான்.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. படிப்பு முடிவதற்குள் ஒருமுறையாவது விசாரணை நீதிமன்ற வழக்கறிஞரிடமும் மேல்முறையீட்டு வழக்கறிஞரிடமும் இருந்திருக்க வேண்டும். மீதி வாரங்களைத் தொண்டு நிறுவனம், நீதிபதி, சட்ட நிறுவனம், கம்பெனி, உள்ளாட்சி அமைப்பு என்று பிரித்துக்கொள்ளலாம்.

இது மதிப்பெண்ணோடும் சேர்ந்தது. மூட் கோர்ட்டும் (மாணவர்கள் வாதாடிப் பழகும் மாதிரி நீதிமன்றம்) இன்டர்ன்ஷிப்பும் சேர்ந்த செய்முறைத் தாளில் மூட் கோர்ட்டுக்கு 30. ஒரு சிவில், ஒரு கிரிமினல் என இரண்டு வழக்கு விசாரணைகளைப் பார்த்து எழுதுவதற்கு 30. வக்கீல் ஆபீஸிலோ சட்ட உதவி மையத்திலோ கட்சிக்காரரை விசாரிக்கும் இரண்டு அமர்வுகளையும், வழக்குத் தாள்கள் தயாரித்துத் தாக்கல் செய்வதையும் கவனித்து டைரியில் எழுதுவதற்கு 30. வாய்மொழித் தேர்வுக்கு 10. டைரி எந்தப் படிவத்தில் இருக்க வேண்டும் என்பதைப் பல்கலைக்கழகம் முடிவு செய்யும். அதைக் கல்லூரி ஆபீஸில் முன்பே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மாதத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். நமக்கு மே மாதம் லீவு, சிவில் நீதிமன்றங்களுக்கும் மே மாதம் லீவு. சிவில் வக்கீலிடம் மே மாதம் போனால் ஆபீஸில் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். உயர் நீதிமன்றத்திலும் அப்போது விடுமுறைக் கால அமர்வு மட்டும்தான். மாஜிஸ்திரேட் நீதிமன்றங்கள் மே மாதமும் நடக்கும், அதனால் மே என்றால் கிரிமினல் வக்கீலைப் பிடியுங்கள். சிவிலுக்கு நவம்பர், டிசம்பர் செமஸ்டர் லீவு சரி. கிறிஸ்துமஸ் விடுமுறை ஆரம்பிப்பதற்குள் முடித்துவிடுங்கள்.

யாரிடம் போவது

முதலாண்டு மாணவருக்கு நான் சொல்வது மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு. 1987 சட்டத்தின் கீழ் அமைந்தது, மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கும். தாலுகா அளவிலும் குழு உண்டு. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் போன்றோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்பது அந்தச் சட்டம். அங்கே ஒரு வாரம் உட்கார்ந்தால் போதும், 'ஜீவனாம்சம்', 'பாகம்', 'வாடகை பாக்கி' எல்லாம் மனிதர்களாக வந்து எதிரில் உட்காரும். உங்களுக்கு இன்னும் நடைமுறைச் சட்டம் தெரியாது. பரவாயில்லை, காது இருந்தால் போதும்.

இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் விசாரணை நீதிமன்ற வக்கீல். சொந்த ஊர் என்றால் இன்னும் நல்லது, தங்கும் செலவு இல்லை. நான்கைந்து பேர் இருக்கும் சின்ன ஆபீஸாகப் பாருங்கள். சீனியர், இரண்டு ஜூனியர், ஒரு குமாஸ்தா, ஒரு டைப்பிஸ்ட் என்று இருந்தால் உங்களுக்கு ஐந்து ஆசிரியர்கள். அதில் குமாஸ்தாதான் தலைமை ஆசிரியர். எந்த செக்‌ஷனில் எந்தத் தாள் நிற்கிறது, நகல் மனுவை எங்கே போட வேண்டும், சம்மன் அனுப்பப் பேட்டா எவ்வளவு கட்ட வேண்டும் என்பதெல்லாம் புத்தகத்தில் கிடையாது, அவர் தலையில் இருக்கிறது. அவரை 'அண்ணே' என்று கூப்பிட்டு, அவர் பின்னாலேயே நடங்கள்.

நான்காம் ஆண்டில் உயர் நீதிமன்றம். சென்னையில் அர்மேனியன் தெரு, தம்பு செட்டி தெரு, லிங்கி செட்டி தெரு என்று நடந்தால் மாடிப்படிக்கு மாடிப்படி வக்கீல் போர்டுகள். தென் மாவட்டத்துக்காரர்களுக்கு 2004 முதல் மதுரைக் கிளை இருக்கிறது. முன்பெல்லாம் சென்னை சட்டக் கல்லூரி மாணவர்கள் வகுப்பு முடிந்து பக்கத்துக் கட்டிடத்துக்கு நடந்தால் உயர் நீதிமன்றம். 2018-இல் கல்லூரி புதுப்பாக்கத்துக்கும் பட்டறைப்பெரும்புதூருக்கும் போன பிறகு அந்தக் கொடுப்பினை போய்விட்டது. இன்று அங்கிருந்து வருகிறவருக்குப் பயணத்துக்கே நாளில் பாதி போகிறது. தினமும் வந்து போகலாம் என்று நினைக்காமல் நான்கு வாரத்துக்கு ஒரு அறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பெரிய பெயர்மீது ஆசைப்படுகிறவர்களுக்கு ஒரு விஷயம். 'சீனியர் அட்வகேட்' என்று நீதிமன்றம் தகுதி கொடுத்தவர்கள் வக்காலத்துத் தாக்கல் செய்யக் கூடாது, கட்சிக்காரரிடமிருந்து நேரடியாக வழக்கை வாங்கவும் கூடாது. வழக்கை நடத்தும் வேறொரு வக்கீல் வந்து விளக்க, அவர்கள் வாதாடுவார்கள். ஆகவே அவர்களிடம் இருந்தால் நல்ல வாதம் கேட்கலாம். தாக்கல், கட்சிக்காரர் விசாரணை, கோர்ட் குறை சொல்லி ரிட்டர்ன் செய்த தாளைச் சரிசெய்வது எதுவும் கண்ணில் படாது. டைரியில் 30 மார்க்குக்கு என்ன எழுதுவீர்கள்? சட்ட நிறுவனங்களும் கம்பெனிகளும் ஐந்தாம் ஆண்டுக்கு இருக்கட்டும். அங்கேதான் வேலைக்குச் சேரப்போகிறீர்கள் என்றால் மட்டும் நான்காம் ஆண்டிலேயே தொடங்குங்கள்.

எப்படிக் கேட்பது

இரண்டு மாதம் முன்னால் கேளுங்கள். ஊர்ப் பக்கம் என்றால் நேரில் போவதுதான் மரியாதை. கோர்ட் நேரத்தில் வராந்தாவில் மடக்காதீர்கள். மாலை ஆறுக்கு மேல் ஆபீஸுக்குப் போய், குமாஸ்தாவிடம் சொல்லிவிட்டுக் காத்திருங்கள். சென்னையில் முதலில் ஒரு வாட்ஸ்அப் செய்தியோ மின்னஞ்சலோ அனுப்பலாம். சுருக்கமாக, இப்படி:

"வணக்கம் சார். நான் ஐந்தாண்டு சட்டப் படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். நவம்பர் 25 முதல் டிசம்பர் 22 வரை நான்கு வாரம் உங்கள் ஆபீஸில் இன்டர்ன்ஷிப் செய்ய விரும்புகிறேன். சிவில் நடைமுறைச் சட்டம் இந்த செமஸ்டரில் படித்தேன். தமிழ், ஆங்கிலம் இரண்டிலும் டைப் அடிப்பேன். காலையில் கோர்ட்டுக்கும் மாலையில் ஆபீஸுக்கும் வர முடியும். எந்த நேரத்தில் நேரில் வந்து பார்க்கலாம் என்று சொன்னால் வருகிறேன்."

பெயர், கல்லூரி, போன் எண் கீழே. அவ்வளவு போதும். பள்ளிக் காலத்துப் பேச்சுப் போட்டிப் பரிசெல்லாம் வேண்டாம். தமிழில் டைப் அடிப்பேன் என்ற ஒரு வரிக்கு இருக்கும் மதிப்பு உங்களுக்கு இப்போது தெரியாது. மாவட்ட நீதிமன்றங்களில் பிராதும் (வாதி தாக்கல் செய்யும் வழக்குரை) சாட்சியமும் தீர்ப்பும் தமிழில் ஓடுகின்றன. தமிழ் டைப்பிங் தெரியாவிட்டால் இன்றைக்கே ஆரம்பியுங்கள், ஒரு மாதத்தில் வந்துவிடும்.

பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து ஒருமுறை நினைவூட்டுங்கள். அப்போதும் வராவிட்டால் அடுத்தவர். இதில் மானப் பிரச்சினை ஒன்றும் இல்லை. அவர் போனில் அன்று எழுபது செய்தி வந்திருக்கும்.

போவதற்கு முந்தைய வாரம்

உடை: வெள்ளைச் சட்டை, கருப்பு அல்லது வெள்ளை பேன்ட், கருப்பு டை, கருப்பு கோட், கருப்பு ஷூ. பெண்களுக்குப் புடவையும் அனுமதி. முழு உடை வாங்க வசதி இல்லை என்றால் வெள்ளை பேன்ட், பட்டன் முழுக்கப் போட்ட முழுக்கைச் சட்டை, மூடிய ஷூ போதும் என்று விதியே சொல்கிறது. அதற்காகக் கடன் வாங்காதீர்கள். கழுத்தில் கட்டும் வெள்ளைப் பட்டையும் (பேண்ட்) மேலே கவுனும் பதிவு செய்த வழக்கறிஞர்களுக்கு. ஆசைக்குக்கூடப் போட்டுக்கொள்ள வேண்டாம், போட்டோவுக்குக்கூட.

போனில் இ-கோர்ட்ஸ் செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வழக்குக்கும் சி.என்.ஆர். என்று 16 இலக்க அடையாளம் உண்டு. அதைப் போட்டால் வழக்கு எந்த நிலையில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது, முந்தைய தேதிகளில் என்ன நடந்தது எல்லாம் வரும். ஊர்க்காரர் யாருடைய வழக்கையாவது வைத்துப் பழகிப் பாருங்கள்.

சுருக்கெழுத்துகளைத் தெரிந்துகொண்டு போனால் முதல் நாள் திணறல் பாதியாகும். ஓ.எஸ். என்றால் மூல வழக்கு. ஐ.ஏ. அதற்குள் போடும் இடைமனு. ஏ.எஸ். முதல் மேல்முறையீடு, எஸ்.ஏ. இரண்டாம் மேல்முறையீடு. இ.பி. தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு. சி.சி. மாஜிஸ்திரேட் முன் நடக்கும் கிரிமினல் வழக்கு, எஸ்.சி. செஷன்ஸ் வழக்கு. எம்.சி.ஓ.பி. விபத்து நஷ்டஈடு, எச்.எம்.ஓ.பி. இந்துத் திருமண வழக்கு. தமிழ்த் தாள்களில் வா.சா.1 என்றால் வாதி தரப்பு முதல் சாட்சி, வா.சா.ஆ.1 அவர் தரப்பு முதல் சான்றாவணம், அ.சா. அரசுத் தரப்பு சாட்சி.

கிரிமினல் பக்கம் போகிறவர்கள் பழைய சட்டம், புதிய சட்டம் இரண்டையும் கையில் வைத்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவும் அதன் கூட்டாளிச் சட்டங்களும் நடைமுறையில் இருக்கின்றன. அதற்கு முன் நடந்த குற்றங்களுக்குத் தண்டனைச் சட்டம் பழையதுதான். ஒரே நாளில் ஒரே கோர்ட்டில் இரண்டும் காதில் விழும். அதிகம் குழப்புவது 482. பழைய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் உயர் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரம், எஃப்.ஐ.ஆரை ரத்து செய்யக் கேட்டுப் போடும் மனு அதன் கீழ்தான். புதிய நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் முன்ஜாமீன். பழைய 482 இப்போது 528. 'ஃபோர் எயிட்டி டூ' என்று ஒருவர் சொன்னால், எந்த வருஷத்து வழக்கு என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் வாரம்: கோர்ட் ஹாலில்

பத்தரைக்கு நீதிபதி வருவார், நீங்கள் பத்துக்கே இருங்கள். முன் வரிசை நாற்காலிகள் வக்கீல்களுக்கு. பின்னால் நின்றாலும் பரவாயில்லை. போனை அணைத்துவிடுங்கள். உள்ளே படம் எடுப்பதும் பதிவு செய்வதும் கூடவே கூடாது. நீதிமன்றங்கள் பொதுவாகத் திறந்தவைதான், ஆனால் போக்சோ (குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்கள்) போன்ற வழக்குகளில் மூடிய அறையில் விசாரணை நடக்கும். கதவருகே நிற்கிறவரிடம் கேட்காமல் உள்ளே நுழையாதீர்கள்.

முதலில் கால் வொர்க். பெஞ்ச் கிளார்க் எண்ணைப் படிப்பார், டவாலி வெளியே போய்ப் பெயரைக் கூப்பிடுவார், வக்கீல் எழுந்து ஏதோ முணுமுணுப்பார், நீதிபதி ஒரு தேதி சொல்வார். முதல் நாள் ஒன்றும் புரியாது. இதற்கா ஐந்து வருஷம் படிக்கிறோம் என்று தோன்றும். நான் என்ன செய்தேன் என்றால், ஒரு நோட்டில் மூன்று கட்டம் போட்டேன்: வழக்கு எண், எதற்காக இன்று வந்தது, எதற்காகத் தள்ளிப்போனது. 'ரிட்டன் ஸ்டேட்மென்டுக்கு' (பிரதிவாதியின் எதிருரை), 'கவுண்டருக்கு' (மனுவுக்குப் பதில்), 'இஷ்யூஸுக்கு' (முடிவு செய்ய வேண்டிய கேள்விகள்), 'பி.டபிள்யூ.1 கிராஸுக்கு' (வாதியின் முதல் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்ய), 'ஆர்கியுமென்டுக்கு'. நான்காம் நாள் அந்தப் பட்டியலைப் பார்த்தபோது சிவில் நடைமுறைச் சட்டத்தின் பொருளடக்கம் அப்படியே அங்கே நின்றது. வகுப்பில் எதிருரைக்கு 30 நாள், நீட்டித்தால் 90 நாள் என்று படித்திருப்போம். இங்கே ஒரு வருஷம் கழித்தும் 'ரிட்டன் ஸ்டேட்மென்டுக்கு' என்று வாய்தா வாங்குவதைப் பார்க்கலாம். ஏன் என்று ஜூனியரிடம் கேளுங்கள். வணிக வழக்குகளில் அந்தக் கெடு இறுக்கமானது, சாதாரண சிவில் வழக்கில் அப்படி இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன கதை அப்போது வரும். கேள்வி உங்கள் கண் முன்னால் பிறந்ததால் பதில் மறக்காது.

கால் வொர்க் முடிந்ததும் பெரும்பாலான மாணவர்கள் டீக்கு இறங்கிவிடுகிறார்கள். அப்புறம்தான் சாட்சி விசாரணையே ஆரம்பிக்கும். இருங்கள். சிவிலில் முதல் விசாரணை பிரமாண வாக்குமூலமாகவே தாக்கலாகிவிடும், அதனால் நேரில் கேட்கக் கிடைப்பது குறுக்கு விசாரணைதான். சாட்சி சொன்னதையும், நீதிபதி எழுதச் சொன்னதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். "எனக்கு ஞாபகம் இல்லைங்க" என்று சாட்சி சொன்னது எப்படிப் பதிவாகிறது, அந்த வரிக்காக இரு தரப்பும் ஏன் எழுந்து நிற்கிறார்கள் என்பது அப்போது தெரியும்.

இரண்டாம் வாரம்: கட்டு

மாலை ஆபீஸ். ஜூனியரிடம் கேட்டு ஒரே ஒரு கட்டு வாங்குங்கள். புரோநோட்டு (கடன் வாங்கியவர் எழுதிக் கொடுக்கும் உறுதிச் சீட்டு) வழக்கு கிடைத்தால் யோகம். அதைவிட எளிய வழக்கு சிவிலில் இல்லை, ஆனால் எல்லாப் படிகளும் அதில் இருக்கும்.

எனக்குக் கிடைத்ததும் அதுதான். வக்காலத்து, புரோநோட்டின் ஜெராக்ஸ், லாயர் நோட்டீஸ், அது போய்ச் சேர்ந்ததற்கான தபால் அட்டை, பிராது, எதிருரை, இடையில் நான்கு ஐ.ஏ., ஒவ்வொரு வாய்தாவையும் குறித்து வைத்த மேலட்டை. கடன் வாங்கிய தேதியையும் வழக்குப் போட்ட தேதியையும் எழுதிப் பார்த்தேன். வழக்குப் போடுவதற்கான கெடுவான மூன்று ஆண்டு முடிய மூன்றே நாள் இருக்கும்போது தாக்கல் செய்திருந்தார்கள். காலவரையறைச் சட்டத்தைப் பரீட்சைக்கு மனப்பாடம் செய்திருந்தேன். அந்த மூன்று நாளைப் பார்த்தபோதுதான் வயிற்றில் ஏதோ செய்தது. கட்சிக்காரர் நான்கு நாள் தாமதமாக வந்திருந்தால் இந்தக் கட்டே இருந்திருக்காது.

எதிராளி, கையெழுத்து என்னுடையதுதான், ஆனால் வெற்றுத் தாளில் போட்டுக் கொடுத்தேன் என்று சொல்லியிருந்தார். புரோநோட்டு வழக்குகளில் கேட்டுக் கேட்டுப் புளித்த எதிர்வாதம் அது. கையெழுத்தை ஒப்புக்கொண்டால் பணம் கைமாறியது என்று மாற்று முறை ஆவணச் சட்டத்தின் 118-ஆம் பிரிவு அனுமானிக்கிறது. இல்லை என்று காட்டும் சுமை எதிராளிமேல். கட்டில் இதற்கான சாட்சியம் எங்கே என்று தேடினேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். கட்டை அதே வரிசையில் பிரியுங்கள், அதே வரிசையில் கட்டுங்கள். ஒரு பக்கத்தில் தேதி வரிசை எழுதுங்கள். அடுத்து, இரு தரப்பும் ஒப்புக்கொள்வது என்ன, மறுப்பது என்ன. அடுத்து, மறுப்பதை நிரூபிக்க யாரிடம் என்ன ஆவணம் இருக்கிறது. கடைசியாக, எதிராளி உங்கள் கட்சிக்காரராக இருந்தால் என்ன வாதாடுவீர்கள். இரண்டு பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். சீனியர் ஓய்வாக இருக்கும்போது மேஜையில் வையுங்கள், படியுங்கள் என்று வற்புறுத்தாதீர்கள். படித்தால் உங்கள் நான்கு வாரமும் மாறிவிடும். அடுத்த நாளே "இந்த கேஸுக்கு ஒரு தீர்ப்பு தேடு" என்பார்.

தாளில் பேனாவால் கோடு போடாதீர்கள். மூல ஆவணத்தில் பஞ்ச் செய்யாதீர்கள். கட்டை வீட்டுக்கு எடுத்துப் போகாதீர்கள், போனில் படம் எடுக்காதீர்கள்.

எழுதக் கொடுத்தால்

முதலில் லாயர் நோட்டீஸ், நகல் மனு, வாய்தா மனு மாதிரிச் சின்ன வேலைகள் வரும். செக் பவுன்ஸ் நோட்டீஸ் வந்தால் கெடுவைக் கவனியுங்கள்: வங்கி திருப்பியது தெரிந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், அது கிடைத்ததிலிருந்து பணம் கொடுக்க 15 நாள், அப்புறம் ஒரு மாதத்துக்குள் புகார். பணம் கேட்கும் சிவில் வழக்கு என்றால் கோர்ட் ஃபீஸ் கணக்கு. தமிழ்நாட்டில் 2017-இல் ஏழரை சதவீதத்திலிருந்து 3 சதவீதமாகக் குறைத்தார்கள். பத்து லட்சம் கேட்டால் 30,000 ரூபாய். கட்சிக்காரர் முதலில் கேட்பது இந்தத் தொகையைத்தான்.

என் மானம் போனது சொத்து விவரத்தில். ஒரு பழைய கிரையப் பத்திரத்தைப் பார்த்து நான்கெல்லை எழுதச் சொன்னார்கள். பத்திரத்தில் 'ராமசாமி நிலத்துக்கு வடக்கு' என்று இருந்தது. நான் 'வடக்கு எல்லை: ராமசாமி நிலம்' என்று எழுதினேன். நான்கு பக்கமும் அப்படியே. ஜூனியர் படித்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் பத்திரத்தைத் திருப்பி என் முன்னால் வைத்தார். ராமசாமி நிலத்துக்கு வடக்கே நம் சொத்து இருக்கிறது என்றால், நமக்கு ராமசாமி தெற்கு எல்லை. மொத்தச் சொத்தையும் தலைகீழாகப் புரட்டியிருந்தேன். அன்றிலிருந்து எல்லை என்றாலே ஒரு துண்டுத் தாளில் படம் வரைந்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன், இன்றைக்கும்.

பத்திரத் தமிழ் தனி மொழி. 'ஷை' என்றால் மேற்படி. செட்டில்மென்ட், பாகப்பிரிவினை, விடுதலைப் பத்திரம் மூன்றும் வேறு வேறு. பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். பத்திரத்தில் ஏக்கர், சென்ட் என்று இருக்கும். ஒரு ஏர் சுமார் 2.47 சென்ட். ஆங்கில வழியில் படித்தவர்கள் இங்கேதான் தடுக்கி விழுவார்கள். தினம் ஒரு பத்திரம் சத்தமாகப் படியுங்கள்.

தீர்ப்பு தேடச் சொன்னால் இந்தியன் கானூன் இணையதளமும், உச்ச நீதிமன்றத்தின் இலவச இ-எஸ்.சி.ஆர். தளமும் கையில் இருக்கின்றன. கல்லூரி நூலகத்தில் கட்டணத் தளங்களும் இருக்கலாம். ஏ.ஐ. கருவியிடம் கேட்டு வந்த தீர்ப்பு எண்ணை அப்படியே கொடுத்துவிடாதீர்கள். 2023-இல் நியூயார்க்கில் இப்படி இல்லாத தீர்ப்புகளை மேற்கோள் காட்டிய வக்கீல்களுக்கு 5,000 டாலர் அபராதம் விழுந்தது. எந்தத் தீர்ப்பைக் கொடுத்தாலும் முழுசாகப் படித்து, எந்தப் பத்தி நமக்கு உதவுகிறது என்று குறித்துக் கொடுங்கள். மேல்முறையீட்டில் அது மாறிவிட்டதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

கட்சிக்காரர் முன்னால்

சீனியர் வருவதற்குள் கட்சிக்காரர் வந்து உட்கார்ந்திருப்பார். கோட் போட்ட உங்களைப் பார்த்து, "தம்பி, கேஸ் நம்ம பக்கம் வந்துருமா?" என்பார். "சார் வந்ததும் சொல்வாருங்க" என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லாதீர்கள். தைரியம் சொல்வதாக நினைத்து நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை, நாளை சீனியர் முன்னால் 'உங்க ஜூனியர் ஜெயிச்சுரும்னு சொன்னாரே' என்று வந்து நிற்கும்.

அங்கே கேட்டதை விடுதி அறையிலும் சொல்லக் கூடாது, ஸ்டேட்டஸிலும் போடக் கூடாது. கட்சிக்காரர் வக்கீலிடம் சொன்னதைக் காக்கும் கடமை வக்கீலின் குமாஸ்தாவுக்கும் ஊழியர்களுக்கும் உண்டு என்று சாட்சியச் சட்டம் சொல்கிறது. அந்த மேஜையில் உட்கார்ந்தால் நீங்களும் அந்தக் கூட்டம்தான்.

டைரி

அன்றன்றைக்கு எழுதுங்கள், பத்து வரி போதும். 'இன்று நீதிமன்றம் சென்றேன், பல வழக்குகளைக் கவனித்தேன், பயனுள்ளதாக இருந்தது' என்று இருபத்தெட்டு நாளும் எழுதிய டைரிகளைப் பார்த்திருக்கிறேன். வாய்மொழித் தேர்வில் ஒரே கேள்வியில் அது கிழிந்துவிடும். இப்படி எழுதலாம்: 'சப் கோர்ட். பாக வழக்கு. மூன்றாம் பிரதிவாதி வராததால் எக்ஸ்பார்ட்டி (ஒருதலைப்பட்சம்) ஆனதை ரத்து செய்ய ஐ.ஏ. தாமதத்துக்குக் காரணம் மருத்துவம், சான்று இல்லை. செலவுத் தொகை கட்டும் நிபந்தனையில் அனுமதி. சான்று இல்லாமல் ஏன் அனுமதித்தார் என்று கேட்டதற்கு ஜூனியர் சொன்னது...' கட்சிக்காரர்களின் பெயரை எழுத வேண்டாம். வாதி, பிரதிவாதி போதும்.

காசும் பாதுகாப்பும்

சின்ன ஆபீஸில் பணம் எதிர்பார்க்காதீர்கள். டீயும் சில நாள் மதியச் சாப்பாடும் கிடைக்கும். 2024-இல் சென்னை உயர் நீதிமன்றம் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000, மற்ற ஊர்களில் 15,000 என்று பேசியது பதிவு செய்த ஜூனியர்களைப் பற்றி. மாணவர்களுக்கு அது பொருந்தாது. ஆனால் இன்டர்ன்ஷிப் தர உங்களிடமே கட்டணம் கேட்டால் வெளியே வந்துவிடுங்கள். பயணம், ஜெராக்ஸ் செலவை ஆபீஸ் வேலைக்காகச் செய்தால் குமாஸ்தாவிடம் கணக்குச் சொல்லி வாங்கிக்கொள்வதில் தப்பில்லை.

2013-ஆம் ஆண்டின் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டம் பயிற்சியாளர்களுக்கும் பொருந்தும், சம்பளம் இருந்தாலும் இல்லாவிட்டாலும். பத்துப் பேருக்குக் குறைவான இடங்களில் உள் புகார்க் குழு இருக்காது. வக்கீல் ஆபீஸ்கள் பெரும்பாலும் அப்படித்தான். அங்கே புகார் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவுக்குப் போக வேண்டும். இரவு வெகுநேரம் தனியாக இருக்கச் சொன்னால், 'பஸ் போயிரும் சார்' என்று எழுந்துவிடுங்கள். நான்கு வாரத்தை நடுவில் நிறுத்தி வேறு ஆபீஸில் தொடர்ந்தவர்கள் எத்தனையோ பேர். கல்லூரி ஆசிரியர் ஒருவரிடம் முன்பே சொல்லி வைத்திருந்தால் அந்த மாற்றம் சுலபம்.

கடைசி வாரம்

சான்றிதழைக் கடைசி நாள் மாலை கேட்காதீர்கள், அன்று சீனியர் வெளியூர் கோர்ட்டில் இருப்பார். நான்கு நாள் முன்பே தேதிகளோடு ஒரு வரைவு டைப் அடித்துக் கொடுங்கள், அவர் லெட்டர்ஹெட்டில் திருத்திக் கையெழுத்துப் போடுவார். டைரியிலும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். நீங்கள் படித்த கட்டின் சுருக்கத்தைக் கட்டுக்குள்ளேயே வைக்கட்டுமா என்று ஜூனியரிடம் கேளுங்கள். பல நேரம் சரி என்பார்கள், அடுத்து வாதாடுகிறவருக்கு உதவும். குமாஸ்தா அண்ணனிடம் சொல்லாமல் கிளம்பாதீர்கள்.

அந்தக் கட்டின் சி.என்.ஆர். எண்ணை மட்டும் போனில் சேமித்துக்கொண்டு வாருங்கள். மாதம் ஒருமுறை பாருங்கள். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். கிராஸ் முடிந்தது, நீதிபதி மாறினார், மறுபடி ஆர்கியுமென்ட் கேட்டார்கள். நான் பதிவு செய்து அதே ஆபீஸில் ஜூனியராகச் சேர்ந்த பிறகுதான் தீர்ப்பு வந்தது. வட்டியைக் குறைத்துப் பணத்துக்கு டிக்ரி. இப்போது அதே வழக்கில் இ.பி. ஓடிக்கொண்டிருக்கிறது.